தொட்டிக்குள் அண்டை அயல்: ஆப்பிரிக்கச் சிக்லிட் மீன்கள்

அலங்கார மீன் கடைகளில் ஒரு மூலையிலே, மற்றத் தொட்டிகளைக் காட்டிலும் கண்ணைப் பறிக்கும் தொட்டி ஒன்று இருக்கும். நீலம், மஞ்சள், ஆரஞ்சு, ஊதா என்று விரலளவு மீன்கள் அதில் மொய்த்துக்கொண்டிருக்கும். 'ஆப்பிரிக்கன் மிக்ஸ்' என்று மேலே எழுதி, ஜோடி இத்தனை ரூபாய் என்று விலையும் போட்டிருப்பார்கள். கடல் மீனுக்குரிய நிறம். நன்னீர் மீனுக்குரிய விலை. வாங்க வந்தவர் மனம் அவ்விடத்தில்தான் தோற்றுப் போகிறது. நானும் அங்கேதான் தோற்றேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தபோது, நானும் என் தம்பியும் நான்கடித் தொட்டி ஒன்றை அமைத்து, அத்தகைய கலவைத் தொட்டியிலிருந்து பன்னிரண்டு குஞ்சுகளை நிறம் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வந்தோம். ஐந்து மாதங்கள் ஒரு குறையும் இல்லை. ஆறாம் மாதம், கோடு போட்ட மஞ்சள் மீன் ஒன்று கறுக்கத் தொடங்கியது. நோய் என்று எண்ணித் தம்பி மருந்து வாங்கி ஊற்றினான். நோயன்று, அது ஆண் மீன், பருவம் எய்திவிட்டது, அவ்வளவே. அடுத்த இரண்டு மாதங்களில் தொட்டி முழுவதும் அதற்குச் சொந்தமாயிற்று. காலையில் எழுந்து பார்த்தால், வாலறுந்த மீன் ஒன்று நீர்மட்டத்தை ஒட்டி மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். மறுநாள் அது இராது. பன்னிரண்டில் மூன்றே எஞ்சின. கடைக்காரரை நொந்து பயனில்லை. அவர் குஞ்சுகளைத்தான் விற்றார், வளர்ந்த மீன்களை அன்று. 'ஆப்பிரிக்கா' என்ற ஒரு சொல்லை நம்பி, அங்கே பிறந்தவையெல்லாம் ஒன்றாக வாழும் என்று எண்ணியதே எங்கள் பிழை. அச்சொல்லுக்குள் எத்தனை வேறுபாடுகள் அடங்கியிருக்கின்றன என்பதைப் பிறகுதான் கற்றேன். கற்றதை, இனித் தொட்டி வைக்க எண்ணும் நண்பர்களுக்காக எழுதுகிறேன். (விடுதி அறையில் வைக்க எண்ண வேண்டா. ஆறடித் தொட்டி நிறைந்தால் நீர் மட்டுமே ஏறத்தாழ 680 கிலோ. கல்லும் கண்ணாடியும் வேறு.)

மூன்று ஏரிகள்

சிக்லிட் என்பது ஒரு மீனின் பெயரன்று, ஒரு குடும்பத்தின் பெயர். இதுவரை பெயரிடப்பட்ட இனங்களே 1,700-க்கு மேல். நமக்கும் அவை முற்றிலும் அயல் அல்ல. கேரளத்தார் விரும்பியுண்ணும் கரிமீன் ஒரு சிக்லிட். நம் ஊர்க் குளங்களிலும் ஏரிகளிலும் பிடிபடும் ஜிலேபிக் கெண்டையோ ஆப்பிரிக்கச் சிக்லிடேதான். 1952-ஆம் ஆண்டில் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. எனினும், தொட்டியில் வளர்ப்போர் ஆப்பிரிக்கச் சிக்லிட் என்னும்போது பெரும்பாலும் கருதுவது கிழக்கு ஆப்பிரிக்காவின் மூன்று பேரேரிகளில் வாழும் மீன்களையே. அவை டாங்கனீக்கா, மலாவி, விக்டோரியா.

இம்மூன்றும் ஒரே நிலப்பகுதியில் இருப்பினும் ஒன்றுபோல் ஒன்று இல்லை. டாங்கனீக்கா மிகப் பழையது. ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டு வயதுடையது என்பர். 1,470 மீட்டர் ஆழம். உலக ஏரிகளில் பைக்காலுக்கு அடுத்தபடியாக ஆழமானது. மலாவி ஏரி ஏறத்தாழ 700 மீட்டர் ஆழம் உடையது. விக்டோரியா பரப்பில் மிகப் பெரியது, ஏறக்குறைய 68,000 சதுர கிலோமீட்டர். ஆனால் ஆழம் 80 மீட்டர்தான். ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்கு முன் அது வறண்டு கிடந்தது என்று நிலவியலார் கண்டுள்ளனர். ஒவ்வோர் ஏரியிலும் நூற்றுக்கணக்கான சிக்லிட் இனங்கள் தோன்றின. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தத்தம் ஏரியைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவை. ஆகவே, மலாவி மீனும் டாங்கனீக்கா மீனும் இயற்கையில் ஒன்றையொன்று கண்டதே இல்லை. நாம்தான் அவற்றை நான்கடிக் கண்ணாடிக்குள் முதன்முதலாகச் சந்திக்கவைக்கிறோம்!

எனவே, நிறம் பார்க்கும் முன் கேட்க வேண்டிய முதற் கேள்வி: இது எந்த ஏரி? இக்கேள்விக்குக் கடைக்காரர் விடை சொல்லவில்லையானால் வாங்காமல் திரும்புவதே நல்லது. கலவைத் தொட்டியில் சில சமயம் 'கிரிப்' எனப்படும் மேற்கு ஆப்பிரிக்க மீனும் இருக்கும். நைஜீரியாவின் மென்மையான ஓடை நீரில் வாழ்ந்த சிறிய, சாதுவான மீன் அது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த நீரில், கல்லுக்குக் கல் சண்டையிடும் மலாவி மீன்களிடையே அதனைவிடுவது கொலைக்கு ஒப்பு.

நீரைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பேரேரிகளின் நீர் கடினமானது, காரத்தன்மை உடையது. மலாவி மீனுக்கு பி.எச். 7.8 முதல் 8.6 வரை, டாங்கனீக்கா மீனுக்கு அதைவிடச் சற்று மேல். வெப்பநிலை 24 முதல் 27 பாகை வரை போதும். வட இந்தியக் குளிர்காலத்தில் வெப்பமூட்டி இன்றியமையாதது. நம் நாட்டில் பல ஊர்களின் ஆழ்குழாய்க் கிணற்று நீர், நாம் சோறு பொங்கப் பயன்படுத்தத் தயங்கும் அதே உப்பு நீர், இம்மீன்களுக்கு ஏற்றதாக இருப்பது ஒரு வேடிக்கை. சுத்திகரிப்பு இயந்திரத்தில் வடித்த குடிநீரை இவற்றுக்கு ஊற்றுவது தவறான அன்பு. நீர் மென்மையாக இருக்கும் ஊர்களில், வடிகட்டிக்குள் ஒரு பையில் நொறுக்கிய சிப்பியோட்டை இட்டால் போதும்.

மலாவி: பாறையும் மணலும்

நம் சந்தைக்கு வரும் ஆப்பிரிக்கச் சிக்லிடுகளுள் பெரும்பாலானவை மலாவி மீன்களே. ஒரே ஏரியைச் சேர்ந்தவை என்பதாலேயே இவை ஒத்துப்போய்விடும் என்று எண்ணிவிடலாகாது. இவற்றுள் இரு பெரும் பிரிவுகள் உண்டு. பாறைகளை ஒட்டி வாழ்வன ஒரு பிரிவு. டோங்கா மொழியில் இவற்றுக்கு 'ம்பூனா' என்று பெயர், பாறை மீன் என்பது பொருள். மணல் வெளியிலும் திறந்த நீரிலும் வாழ்வன மற்றொரு பிரிவு. மயில் சிக்லிட் எனப்படும் பீக்காக் மீன்களும், 'ஹேப்' என்று வளர்ப்போர் சுருக்கிச் சொல்லும் பெரிய மீன்களும் இதில் அடங்கும்.

இவ்விரு பிரிவையும் பிரிப்பது வயிறு. ம்பூனாக்கள் பாறைமேல் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்பவை. பாசிக்குள் ஒளிந்திருக்கும் நுண்ணுயிர்களும் அத்துடன் உள்ளே செல்லும். சத்துக் குறைந்த அவ்வுணவை நாள் முழுதும் மேய்ந்துகொண்டே இருக்க வேண்டும்; அதற்கேற்ப அவற்றின் குடல் நீண்டது. மயில் மீன்களோ மணலுக்குமேல் அசையாமல் நின்று, தலையிலுள்ள உணர்குழிகளால் மணலுக்குள் நெளியும் புழுவின் அசைவை உணர்ந்து கொத்தித் தின்பவை. இரண்டையும் ஒரு தொட்டியில் இட்டு, மயில் மீனுக்காக நாள்தோறும் புழுவைப் போட்டால் ம்பூனாவின் வயிறு ஊதும். 'மலாவி வீக்கம்' என்று வளர்ப்போர் அஞ்சும் நோய்க்கு இத்தகைய கொழுத்த உணவே பெரும்பாலும் காரணம் என்று கருதப்படுகிறது. ம்பூனாவிற்காகப் பாசியுணவை மட்டும் போட்டாலோ மயில் மீன் வாடும். உணவைச் சரிசெய்தாலும் குணத்தைச் சரிசெய்ய இயலாது. இடைவிடாமல் துரத்தும் ம்பூனாவின் முன் சாந்தமான மயில் மீன் நிறத்தை மறைத்துக்கொண்டு ஒடுங்கி நிற்கும். எந்த நிறத்திற்காக வாங்கினோமோ அதுவே மறைந்துபோகும்!

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் உள்ள தொட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், 680 லிட்டர். அதில் ம்பூனா வளர்க்க எண்ணினால் நான் தேர்ந்தெடுப்பவை இவை. முதலாவது 'எல்லோ லேப்' என்னும் மஞ்சள் மீன். ம்பூனாக்களுள் சாதுவானது; பாறை இடுக்குகளில் பூச்சிகளின் இளம்புழுக்களைத் தேடித் தின்பதால் உணவிலும் நெகிழ்வுடையது. இரண்டாவது 'ரஸ்டி' என்னும் துருநிற மீன். கடைத் தொட்டியில் பார்த்தால் மங்கலாகத் தோன்றும், வீட்டிற்கு வந்து மூன்று மாதம் கழித்து ஊதா மினுக்கம் காட்டும். மூன்றாவது 'ஆசெய்', மஞ்சள் வாலும் நீல ஊதா உடலும் கொண்டது. நீரில் மூழ்கிய மரக்கட்டைகளின் பாசியை மேய்வது. பாறைக்காகச் சண்டையிடாமல் கூட்டமாக மேலே நீந்தும். நான்காவதாக, நீலத்தில் கரும்பட்டை போட்ட 'ஆஃப்ரா' வகையில் ஒன்று. ஒவ்வொன்றிலும் ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண் வீதம் ஆறேழு மீன். ஒரு பெண் மட்டும் இருந்தால் ஆண் அதனை ஓட ஓட விரட்டியே கொன்றுவிடும். மூன்று நான்கு இருந்தால் அதன் வேகம் பங்கிடப்படும்.

மஞ்சள், பழுப்பு, நீல ஊதா, பட்டை என்று நான்கும் நான்கு தோற்றமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது அழகுக்காக மட்டும் அன்று. ஆண் சிக்லிட் தன் எல்லைக்குள் வரும் எல்லாரையும் ஒரே அளவில் வெறுப்பதில்லை. தன்னைப்போல் தோன்றுபவனையே பகைவன் எனக் கொள்கிறது. இரண்டு வெவ்வேறு இனங்களாயினும் இரண்டும் நீலத்தில் கரும்பட்டை உடையனவானால் ஓயாத போர்தான். 'டெமசோனி' என்னும் சிறு மீன் இதற்கு நல்ல சான்று. கருநீலப் பட்டை அணிந்த அவ்வினத்தில் ஆணும் பெண்ணும் ஒரே தோற்றம். ஆகவே ஒவ்வொன்றும் மற்றதைப் பகைவன் என்று கருதும். நான்கு வாங்கினால் ஒன்று எஞ்சும். பன்னிரண்டுக்குமேல் வாங்கினால் யாரைத் துரத்துவது என்று தெரியாமல் ஒருவாறு அமைதி நிலவும்.

வாங்கக் கூடாதவையும் உண்டு. எங்கள் வீட்டுக் கறுப்பன் 'ஔராட்டஸ்' என்ற இனம். குஞ்சுப் பருவத்தில் ஆண் பெண் இரண்டும் கண்கவர் மஞ்சள். ஆண் வளர்ந்தால் கறுக்கும், கொல்லும். 'கென்யி' இதற்கு நேர்மாறு: நீலக் குஞ்சு, வளர்ந்த ஆண் மஞ்சள், குணம் மட்டும் ஔராட்டஸின் உடன்பிறப்பு. இவையிரண்டும் மலிவாகக் கிடைப்பதும், குஞ்சில் மிக அழகாக இருப்பதும் நம் துரதிர்ஷ்டம்.

மயில் மீனும் ஹேப்பும் வளர்க்க விரும்புவோர் பாறையைக் குறைத்து மணலைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஏரியின் மீன்களை 1950-களில் நுணுகி ஆராய்ந்த ஃபிரையர் என்னும் அறிஞரின் பெயரைத் தாங்கிய மின்நீல ஹேப், நெற்றி புடைத்த 'மூரி', இரண்டு மூன்று மயில் வகைகள் ஆகியவை ஆறடியில் ஒத்து வாழும். மூரியின் வழக்கம் சுவையானது. மணலைக் கிளறித் தின்னும் வேறு மீன்களின் பின்னாலேயே சென்று, கிளறலில் எழும் இரையைப் பொறுக்கும். ஏர் பின்னே செல்லும் கொக்கைப்போல. 'லிவிங்ஸ்டனி'யின் வழக்கமோ வஞ்சகம்: திட்டுத் திட்டான அழுகல் நிறத்துடன் செத்ததுபோல் மணலில் சாய்ந்து கிடந்து, கொத்த வரும் சிறு மீனைப் பிடித்துவிடும். வாயில் நுழையும் அளவுள்ள எதனோடும் அதனை வைக்கலாகாது.

டாங்கனீக்கா: இடத்தைப் பங்கிடுதல்

டாங்கனீக்கா மீன்களிடம் மலாவியின் பகட்டு நிறம் இல்லை. ஆனால் நடத்தையைக் காண்பதில் விருப்பமுள்ளவருக்கு இவற்றுக்கு ஈடு இல்லை என்பது என் கருத்து. இங்கே ஒத்துவாழ்வதன் சூத்திரம் நிறமன்று, இடம். ஒவ்வோர் இனமும் தொட்டியின் ஒரு பகுதியை மட்டுமே தன் வீடாகக் கொள்ளும். மேல் நீருக்கு 'சிப்ரிகுரோமிஸ்' பன்னிரண்டு. கூட்டமாகத் திரியும் மெல்லிய மீன். ஒரு முனையில் பாறைக் குவியல் வைத்து அதில் 'ஜூலி' ஓர் இணை. இடுக்குகளில் ஒருக்களித்து நுழைந்து திரியும் 'கால்வஸ்' இரண்டு. மறுமுனையில் வெறும் மணலும், காலி நத்தையோடுகள் இருபதும். அங்கே 'மல்டி' என்னும் மீன். ஆண் நான்கைந்து சென்டிமீட்டர்தான், சிக்லிடுகளிலேயே மிகச் சிறியவற்றுள் ஒன்று. ஒவ்வொன்றும் ஓர் ஓட்டைத் தன் வீடாக்கிக்கொண்டு, மணலைத் தோண்டி வேலி கட்டி, நம் கையைக்கூட எதிர்த்து வரும். நான்கு குடிகளும் தத்தம் எல்லையிலே நிற்பதால் சண்டைக்கு இடம் குறைவு.

இத்தொட்டிக்கு ஆகாதவர் மூவர். 'பிரிச்சார்டி' அழகும் அறிவும் உள்ள மீன். மூத்த குஞ்சுகள் இளைய தம்பி தங்கையரைக் காவல் காக்கும் கூட்டுக் குடும்பம். ஆனால் அக்குடும்பம் பெருகப் பெருக மற்றவரை ஒரு மூலைக்குத் தள்ளிவிடும். அதற்குத் தனித் தொட்டியே முறை. 'ட்ரோஃபியஸ்' பாசி மட்டும் மேய்வது, இருபதுபேர் கூட்டமாகவே வாழ்வது. புழு தின்னும் அயலாருடன் வைத்தால் வயிறு வீங்கி மடியும். 'ஃப்ரண்டோசா' முப்பது சென்டிமீட்டர் வரை வளரும் சாந்த மூர்த்தி. ஆனால் ஏரியில் அது மங்கிய ஒளியில் வேட்டையாடித் தின்பது எதைத் தெரியுமா? நாம் மேலே நீந்தவிட்ட சிப்ரிகுரோமிஸைத்தான்!

விக்டோரியா காட்டும் எச்சரிக்கை

இதுவரை சொன்னது மீன் மீனைக் கொல்வதைப்பற்றி. பொருந்தாத கூட்டில் வேறொரு கேடும் உண்டு. அது ஒரு மீனை அன்று, ஓர் இனத்தையே அழிப்பது.

விக்டோரியா ஏரியில் நைல் பெர்ச் என்னும் பெரிய கொன்றுண்ணி மீன் 1950-களிலும் 1960-களிலும் கொண்டுவந்து விடப்பட்டது. 1980-களில் அது பெருகியபோது அங்கிருந்த சிக்லிட் இனங்களில் நூற்றுக்கணக்கானவை மறைந்தன. அவற்றுள் சில, ஆராய்ச்சி நிலையங்களிலும் ஆர்வலர் தொட்டிகளிலும் காக்கப்பட்டு வருகின்றன. எஞ்சியவற்றுக்கு இன்னொரு துன்பம் வந்தது. கரையிலிருந்து வந்து சேர்ந்த கழிவாலும் வண்டலாலும் ஏரி நீர் கலங்கியது. ஸீஹௌஸன், வான் ஆல்ஃபன், விட்டே ஆகிய மூவர் 1997-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதன் விளைவை விளக்கிற்று. சிவப்பு ஆண், நீல ஆண் என்று நெருங்கிய உறவுள்ள இரு இனங்கள் தெளிந்த நீரில் தனித்தனியே வாழ்கின்றன. ஏனெனில் பெண் மீன் நிறம் பார்த்தே தன் இனத்து ஆணைத் தேர்கிறது. நீர் கலங்கிய இடங்களில் நிறம் தெரிவதில்லை, தேர்வு தடுமாறுகிறது, இனங்கள் ஒன்றில் ஒன்று கரைந்து மங்கிய நிறமுடைய கலவையாகின்றன. கொன்றுண்ணி இல்லாமலே ஓர் இனம் மறைந்துவிடுகிறது.

நம் தொட்டியிலும் நடப்பது அதுவே. மயில் மீன்களின் ஆண்கள் வகைக்கொரு வண்ணம் உடையவை. பெண்களோ எல்லா வகையிலும் ஒரே சாம்பற் பழுப்பு. இரண்டு மயில் வகைகளை ஆணும் பெண்ணுமாக ஒரு தொட்டியில் வைத்தால் அடுத்த தலைமுறை எதுவென்று நமக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. ஆகையால் பல மயில் வகைகளை வைக்க விரும்புவோர் ஆண்களை மட்டுமே வைப்பது சிறந்தது. பெண் இல்லாத இடத்தில் சண்டையும் குறையும். ம்பூனாக்களில் எல்லோ லேப்பும் சிவப்பு ஸீப்ராவும் எளிதில் கலந்துவிடும். சந்தையில் மஞ்சள் மீன் என்று கிடைப்பவற்றில் பல இக்கலப்பின் வழி வந்தவையே. என் நான்கில் சிவப்பு ஸீப்ராவைச் சேர்க்காததற்கு இதுதான் காரணம். ஜூலி வகைகளிலும் ஒன்றே போதும்.

சில நடைமுறைகள்

மலாவி மீன்களைச் சற்று நெருக்கமாக வைப்பது வளர்ப்போர் வழக்கம். கூட்டம் மிகுந்தால் எவனும் ஓரிடத்தை முழுதும் ஆள முடியாது. ஆனால் இதனைக் கேள்விப்பட்டு, வடிகட்டியைப்பற்றி எண்ணாமல் மீனை அடைத்தவர் பலர் துன்பப்பட்டுள்ளனர். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா, நீர் காரமாக இருக்குமளவு நச்சுமிகும். அதாவது இம்மீன்களுக்கு உகந்த நீரிலேதான் அது பன்மடங்கு கொடியது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் குடியேற ஒரு மாதத்திற்கு மேலும் ஆகலாம். அதுவரை மீன் வாங்க வேண்டா. பிறகு வாரந்தோறும் மூன்றில் ஒரு பங்கு நீர் மாற்ற வேண்டும். குழாய் நீரானால் குளோரினை முறித்துவிட்டு ஊற்றுக.

பாறையை முதலில் அடிக்கண்ணாடியின்மேல் உறுதியாக வைத்து, பிறகே மணலைக் கொட்டுக. மணல்மேல் பாறை வைத்தால், இம்மீன்கள் அடியில் தோண்டிச் சரித்துவிடும். எல்லா இனங்களையும் குஞ்சுகளாக ஒரே சமயத்தில்விடுவது நல்லது. இயலாதெனில் சாதுவானவை முதலில், முரடானவை கடைசியில். புதியவனைச் சேர்க்கும் நாளில் பாறைகளை இடம் மாற்றி வைத்தால் பழையவர்களின் எல்லைகளும் கலைந்துபோகும்; எல்லாரும் புதியவர் ஆவர்.

மலாவி மீன்களின் பெண் முட்டையை வாயில் அடைகாக்கும். மூன்று வாரங்கள் போல இரையின்றி இருக்கும். தாடை புடைத்து, தீனி போட்டாலும் வாராமல் ஒதுங்கி நிற்பதைக் கண்டு நோய் என்று அஞ்ச வேண்டா. குஞ்சு மிகுந்தால், இனப்பெயரை எழுதி வேறு வளர்ப்போருக்குக் கொடுக்கலாம். கலப்புக் குஞ்சானால் கொடுக்காமல் இருப்பதே முறை. மனம் கேளாமல் அருகிலுள்ள குளத்தில்விட்டுவிடும் எண்ணம் மட்டும் கூடாது. ஜிலேபி எத்தனை நீர்நிலைகளில் நம் நாட்டு மீன்களைப் பின்தள்ளிப் பெருகியுள்ளது என்பதை மீன்பிடிப்போரைக் கேட்டாலே தெரியும்.

எங்கள் வீட்டில் இப்பொழுது ஆறடித் தொட்டி ஒன்று இருக்கிறது. எல்லோ லேப், ரஸ்டி, ஆசெய், ஆஃப்ரா ஆகிய நான்கும் அதில் இரண்டாம் ஆண்டாக வாழ்கின்றன. வால் அறுந்ததைத் தம்பி இன்னும் காணவில்லை. கறுப்பனும் உயிரோடிருக்கிறான். பழைய நான்கடித் தொட்டி முழுவதும் அவனுக்கே. தீனி போடும்போது கண்ணாடி ஓரம் வந்து நிற்பான். தம்பி விரலை வைத்தால் இன்றும் முட்ட வருகிறானாம்.